ஸ்பிண்டில் ஓடினால் அலாரம்: சொந்தமாகக் கட்டிய சிஎன்சி ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ரவுட்டரை (கணினி சொல்படி பலகையும் தகடும் வெட்டும் சிஎன்சி இயந்திரம்) கட்டியவர் பல ஆண்டுகளாக லேத் வேலை பார்ப்பவர். மரப்பலகையும் மெல்லிய அலுமினியத் தகடும் வெட்டுவதற்காகத் தன் பட்டறையிலேயே மூன்று அச்சு சிஎன்சி ஒன்றை உருவாக்கினார். சட்டம், ரெயில், பால் ஸ்க்ரூ எதிலும் குறை சொல்ல இடமில்லை. மின்சாரப் பக்கம்தான் அவருக்குப் புதிது.

உறுப்புகள் வழக்கமானவை. நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் (ஒரு பல்ஸுக்கு ஒரு சிறு அடி என நகர்பவை) நான்கு, அவற்றில் ஒய் அச்சுக்கு மட்டும் இரண்டு. அவற்றை இயக்க 50 வோல்ட் வரை தாங்கும் டிரைவர்கள். 36 வோல்ட் பவர் சப்ளை. கட்டரைச் சுழற்றும் மோட்டாராக 2.2 கிலோவாட், 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில். அதை ஓட்ட 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் இயங்கும் விஎஃப்டி, அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பி (சுவிட்சிங்) மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி. மூளையாக ஆர்டுயினோ பலகையில் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள். பவர் சப்ளையை 48 வோல்ட்டுக்குப் போகாமல் 36-ல் வைத்தது நல்ல முடிவு. மோட்டார் வேகம் குறையும்போது திருப்பி அனுப்பும் மின்னழுத்தத்துக்கு டிரைவரில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் பெட்டி

பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, உள்ளே போக வேண்டியதைப் பிறகு அடுக்கினார். 500 × 400 × 200 மிமீ, பவுடர் கோட்டிங் செய்த இரும்புப் பெட்டி. எல்லாம் உள்ளே போய்விட்டன, ஆனால் விஎஃப்டியின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல டிரைவர்கள், அதற்குக் கீழே ஆர்டுயினோ. சுற்றிலும் வயர்கள் போக ஒரே ஒரு வயர் டக்ட் (பிளாஸ்டிக் வழித்தடம்). 230 வோல்ட் உள்வரும் வயர், ஸ்பிண்டில் கேபிள், ஸ்டெப்பர் கேபிள்கள், லிமிட் சுவிட்சின் (அச்சு எல்லையைத் தொட்டால் சொல்லும் சுவிட்ச்) மெல்லிய வயர்கள் அனைத்தும் அதே டக்டில்தான் போயின. மூடி போட்டால் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஸ்பிண்டில் கேபிள் சாதாரண நாலு கோர் ஃபிளெக்சிபிள், ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) கிடையாது. லிமிட் சுவிட்சுகள் நார்மலி ஓப்பன் முறையில் (தொடாத வரை சுற்று திறந்திருக்கும்), ஆர்டுயினோவின் 5 வோல்ட் இன்புட் பின்னுக்கு நேராக. பல இழை வயர்களின் முனைகளில் ஈயம் பூசி ஸ்க்ரூ டெர்மினலில் முறுக்கியிருந்தார். அவசர நிறுத்தப் பொத்தான் ஆர்டுயினோவின் ஒரு இன்புட்டுக்கு மட்டும் போனது. விஎஃப்டியை அதன் முகப்பில் உள்ள பொத்தான்களிலிருந்து தனியாக ஓட்டினார்.

கண்ட கோளாறுகள்

ஸ்பிண்டில் ஓடாத வரை இயந்திரம் சொன்னபடி கேட்டது. ஸ்பிண்டில் சுற்றத் தொடங்கி வேகம் ஏறும்போதே சில நேரம், வெட்டும் நடுவில் சில நேரம், லிமிட் அலாரம் வந்து எல்லாம் நின்றது. எந்த அச்சும் சுவிட்சுக்குப் பக்கத்தில்கூட இருக்காது.

பலரும் செய்வதையே அவரும் செய்தார். அமைப்புகளில் ஹார்டு லிமிட்டை, அதாவது சுவிட்ச் தொட்டால் நிறுத்தும் வசதியை, அணைத்துவிட்டார். அலாரம் போனது, வேறொன்று வந்தது. வேலை முடியும்போது ஒய் அச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கும். கப்ளிங் வழுக்குகிறது என்று முதலில் நினைத்து அதைப் பிரித்துப் பார்த்தார். சரியாகவே இருந்தது. விஎஃப்டியின் கேரியர் அலைவெண்ணை (சுவிட்சிங் வேகம்) குறைத்தும் பார்த்தார். தொல்லை குறைந்தது போலத் தெரிந்ததே தவிரப் போகவில்லை. குறைப்பதால் விநாடிக்கு நடக்கும் சுவிட்சிங் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு சுவிட்சிங்கின் செங்குத்தான ஏற்றம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றையும் அவர் கோளாறாகவே கணக்கில் எடுக்கவில்லை. பெட்டி சூடாகிறது என்று கதவைத் திறந்தே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். டிரைவர்களின் மேல் அலுமினியப் பொடி படிந்திருந்தது.

அவசர நிறுத்தம் பற்றிய உண்மை தற்செயலாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் சோதித்துப் பார்க்கச் சொல்லி அழுத்தினார். அச்சுகள் நின்றன, ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைக் கேட்டால், அலாரத்தையும் நகர்வையும் விட இதுதான் பெட்டியைப் பிரிக்க முதல் காரணம்.

காரணத்தைத் தேடிய விதம்

இந்தக் கட்டத்தில் பேனல் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தேன். அவர் ஆசிலாஸ்கோப் எதையும் வெளியே எடுக்கவில்லை. முதல் கேள்வி: "அண்ணே, இந்த ஸ்பிண்டிலோட எர்த் எங்கே போய்ச் சேருது?"

ஸ்பிண்டில் தலையில் நாலு பின் கனெக்டர். மூன்று பின் மூன்று ஃபேஸுக்கு. நாலாவது எர்த் என்றுதான் எல்லோரும் நினைப்போம், கேபிளின் பச்சை-மஞ்சள் கோரும் அதில்தான் சால்டர் செய்யப்பட்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, விஎஃப்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் இறங்கும் வரை காத்திருந்து, டிசி டெர்மினலில் மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகு கனெக்டரைக் கழற்றினார். அந்தக் காத்திருப்பு சம்பிரதாயம் அல்ல. 230 வோல்ட்டை நேராக்கினால் உள்ளே சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் உடலுக்கும் நடுவில் மீட்டர் வைத்தார். ஓப்பன். பின் உள்ளே எதிலும் இணைக்கப்படவில்லை. மலிவு விலை ஸ்பிண்டில்களில் இது அடிக்கடி காணும் விஷயம்.

ஒரு முனை இணைப்பு இல்லாததால் இரண்டு ஆபத்துகள். வைண்டிங்கின் இன்சுலேஷன் பழுதானால் ஸ்பிண்டில் உடலில் மின்சாரம் ஏறும், எந்தப் பாதுகாப்புக் கருவியும் விழாது. அப்புறம், விஎஃப்டியின் ஒவ்வொரு சுவிட்சிங்கின்போதும் வைண்டிங்கிலிருந்து உடலுக்குக் கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் மின்னோட்டம் எப்படியாவது விஎஃப்டிக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். சொந்த எர்த் வயர் இல்லாவிட்டால் பேரிங், சட்டம், சுவிட்சுகளின் உலோக உறை, சிக்னல் வயர்கள் என்று கிடைத்த வழியில் திரும்பும்.

பெட்டியிலும் இதே கதை. உள்தகட்டின் எர்த் போல்ட் பவுடர் கோட்டிங்கின் மேல் உட்கார்ந்திருந்தது. கதவுக்கு எர்த் வயரே இல்லை, கீல்தான் இணைப்பு. கதவை ஆட்ட ஆட்ட மீட்டரில் எண் துள்ளியது.

பிறகு ஹார்டு லிமிட்டைத் தற்காலிகமாகத் திரும்ப இயக்கி மூன்று சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் மின்சாரத்தை நிறுத்தி. லிமிட் வயர்களை ஆர்டுயினோ முனையிலேயே கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை ஓட்டினால் அலாரம் இல்லை. ஆக, கோளாறு பலகையில் அல்ல, வயர் வழியாக வருகிறது. லிமிட் வயரைத் திரும்ப மாட்டி, டக்டிலிருந்து வெளியே எடுத்துத் தள்ளித் தொங்கவிட்டால் அலாரம் அரிதானது. ஸ்பிண்டில் கேபிளை விஎஃப்டி முனையில் கழற்றிவிட்டு விஎஃப்டியை மட்டும் ஓட்டினால் சுத்தமாக இல்லை. (அவுட்புட்டில் மோட்டார் இல்லை என்று கண்டுபிடித்து நின்றுவிடும் விஎஃப்டியில் இந்தச் சோதனை செல்லாது.) அதாவது தொல்லையைப் பரப்புவது விஎஃப்டி என்ற பெட்டி அல்ல, அதிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிள்.

ஒய் அச்சின் நகர்வுக்கு டயல் கேஜ் வைத்தார்கள். வெட்டாமல் காற்றில் மட்டும் ஓடும் ஒரு நிரல், முடிவில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்பிண்டில் அணைந்திருந்தால் முள் பூஜ்யத்துக்கே வந்தது. ஓடினால் 0.4 மிமீ தள்ளி நின்றது. மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மிமீ, ஒரு பல்ஸ் 0.003 மிமீக்குச் சற்று அதிகம். 0.4 மிமீ என்றால் 128 பல்ஸ். எதையும் வெட்டாத ஓட்டத்தில் மோட்டார் திணறிப் பல்ஸை விட வாய்ப்பு குறைவு. ஸ்டெப் வயரில் பொய்ப் பல்ஸ்கள் ஏறியிருக்கின்றன என்பதே பொருந்தும் விளக்கம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போடலாம், ஜிஆர்பிஎல்லில் சுவிட்ச் டிபவுன்ஸை (சிக்னலை நம்பும் முன் காத்திருக்கும் நேரம்) கூட்டலாம், ஃபில்டர் வைக்கலாம் என்று யோசனைகள் வந்தன. பேனல்காரர் மூன்றையும் கடைசிக்குத் தள்ளினார். தப்பு மின்னோட்டத்துக்கு நல்ல பாதை கிடைக்காத வரை இவை ஒட்டுப்போடும் வேலைதான் என்பது அவர் நிலை. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பெட்டியின் அளவைத் தீர்மானித்த அன்றே பாதித் தொல்லை தீர்மானமாகிவிட்டது. தள்ளி வைக்க இடமில்லாத பெட்டியில் எவ்வளவு நல்ல கேபிள் போட்டும் பயன் குறைவு.

பெட்டி. 600 × 600 × 250 மிமீ, இரும்பு. துளை போடுவதற்கு முன்னால் எல்லா உறுப்புகளையும் அட்டையில் வெட்டித் தரையில் பரப்பி இடம் பார்த்தார்கள். வலது பக்கம் முழுக்க 230 வோல்ட்: மெயின் ஐசோலேட்டர், எம்சிபி (அதிக மின்னோட்டத்தில் விழும் பிரேக்கர்), கான்டாக்டர் (பெரிய ரிலே), விஎஃப்டி. இடது பக்கம் 24 வோல்ட்டும் சிக்னலும். நடுவில் பவர் சப்ளையும் டிரைவர்களும். இரு பக்கத்துக்கும் தனித்தனி டக்ட், குறுக்கே போக வேண்டிய இடங்களில் செங்குத்தாக மட்டும். ஸ்பிண்டில் கேபிள் எந்த டக்டிலும் நுழையாமல், விஎஃப்டிக்கு நேர் கீழே உள்ள கிளாண்ட் (கேபிளைப் பிடிக்கும் துளைப்பிடி) வழியாக வெளியேறியது.

சூடு. உள்ளே வீணாகும் சக்தியைச் சுமார் 110 வாட் என்று மதிப்பிட்டார்கள், பெரும்பகுதி விஎஃப்டியினுடையது. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 5.5 வாட் அளவு வெளியேற்றும் என்பது பேனல் கட்டுபவர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. பின்பக்கமும் அடிப்பக்கமும் நீங்கலாகப் பழைய பெட்டியின் பரப்பு 0.48 சதுர மீட்டர். மூடி வைத்தால் உள்ளே வெளியை விட 42 டிகிரி கூடும். கதவைத் திறந்து வைத்தவரைக் குறை சொல்ல முடியாது! புதிய பெட்டியில் 0.81 சதுர மீட்டர், 25 டிகிரி கூடும். வெளியே 35 என்றால் உள்ளே 60. பெரும்பாலான விஎஃப்டிகள் 40 டிகிரிக்கு மேல் முழுச் சுமை தாங்குவதில்லை. ஆகவே மின்விசிறி தேவை. 5 டிகிரிக்குள் வைக்க, இதற்கான வழக்கமான மாறிலி 3.1-ஐ 110 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்தால் மணிக்கு 68 கனமீட்டர் காற்று. ஃபில்டர் துணி காற்றைத் தடுக்கும் என்பதால் அதற்கு இரு மடங்கு திறனுள்ள விசிறி. அது கீழிருந்து ஃபில்டர் வழியாக உள்ளே ஊதும்படி வைத்தார்கள், வெளியே இழுக்கும்படி அல்ல. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகப் பொடி நுழையாது.

எர்த். பெட்டிக்குள் ஒரே செம்புப் பட்டை. எர்த் போல்ட் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் கோட்டிங்கைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினார்கள். கதவுக்கு எர்த் பின்னல் பட்டை. ஸ்பிண்டிலின் நாலாவது பின்னைச் சரிசெய்ய அதன் தலையைத் திறக்காமல், பிடிப்புக் கிளாம்பில் தனி லக் மாட்டி, கேபிளின் பச்சை-மஞ்சள் கோரை அங்கே கொண்டுபோனார்கள். கிளாம்பின் அனோடைஸ் பூச்சையும் சுரண்டத்தான் வேண்டியிருந்தது.

ஸ்பிண்டில் கேபிள். பின்னல் ஷீல்டு கொண்ட நாலு கோர். ஷீல்டு இரு முனையிலும் எர்த். பெட்டி முனையில் வெளி உறையை உரித்து, ஷீல்டைச் சுற்றிலும் பிடிக்கும் உலோகக் கிளாம்பால் சுரண்டிய தகட்டில் அழுத்தினார்கள். ஷீல்டை முறுக்கி வால் போல நீட்டி ஒரு ஸ்க்ரூவில் மாட்டுவதுதான் பலரும் செய்வது. 10 செமீ வாலுக்குச் சுமார் 100 நானோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 10 மெகாஹெர்ட்ஸில் அது 6 ஓமுக்கு மேல். மீட்டர் அதைப் பூஜ்யம் என்றே காட்டும், அந்த அலைவெண்ணில் ஷீல்டு பாதி அறுந்த மாதிரிதான். சிக்னல் கேபிள்களின் ஷீல்டு மட்டும் பெட்டி முனையில் ஒரு பக்கம் எர்த் செய்யப்பட்டது.

லிமிட் சுவிட்ச். பழைய முறையில் பின்னை உயர்த்திப் பிடித்திருந்தது ஆர்டுயினோ சிப்பின் உள் ரெசிஸ்டர், 20 முதல் 50 கிலோ ஓம். 5 வோல்ட்டில் அது 0.1 முதல் 0.25 மில்லி ஆம்பியர். அவ்வளவு மெல்லிய பிடியைத் தட்டிவிட ஒரு சின்னத் துள்ளல் போதும். புதிய முறையில் 24 வோல்ட், நார்மலி குளோஸ்டு (தொடாத வரை சுற்று மூடியிருக்கும்), இடையில் ஆப்டோ ஐசோலேட்டர் (ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் உறுப்பு), 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஓடும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். பொய் அலாரம் வர வேண்டுமானால் அந்தப் 10 மில்லி ஆம்பியரும் அணைய வேண்டும். ரெசிஸ்டரில் கால் வாட் அளவு சூடு வரும் என்பதால் அரை வாட் ரகம். வயர் அறுந்தால் இயந்திரம் உடனே நிற்கும், பழைய முறையில் அறுந்தது தெரியவே தெரியாது. ஜிஆர்பிஎல்லில் லிமிட் பின்னின் தலைகீழ் அமைப்பை மாற்றியாக வேண்டும்.

வயர் முனைகள். ஈயம் பூசிய முனைகளை எல்லாம் வெட்டி ஃபெர்ரூல் (முனையை மூடும் உலோகக் குழல்) கிரிம்ப் செய்தார்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்லப் பிதுங்கி இணைப்பு தளரும். பழைய பெட்டியைப் பிரித்தபோது ஸ்டெப்பர் டெர்மினல்கள் சில கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. டிரைவருக்கு மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயர் விட்டுப்போனால் டிரைவர் எரியும் வாய்ப்பு அதிகம்.

அவசர நிறுத்தம். இதில்தான் அதிக நேரம் விவாதம் நடந்தது. கட்டியவர் பொத்தானை அழுத்தினால் எல்லா மின்சாரமும் அந்த நொடியே போக வேண்டும் என்றார். இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60204-1 இதை நிறுத்த வகை 0 என்கிறது. ஆனால் விஎஃப்டிக்கு மின்சாரம் துண்டானால் ஸ்பிண்டில் தன் வேகத்திலேயே சுற்றிச் சுற்றி மெதுவாகத்தான் நிற்கும். பேனல்காரர் அந்தத் தரத்தின் வகை 1-ஐத் தேர்ந்தார். பொத்தான் அழுத்தியதும் ஸ்டெப்பர் பவர் சப்ளைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், டிரைவர்களின் எனேபிளும் (இயங்க அனுமதிக்கும் சிக்னல்) விழும், விஎஃப்டிக்கு நிற்கும் கட்டளை போகும். அது பிரேக் செய்து ஸ்பிண்டிலை நிறுத்திய பிறகு, டைமர் ரிலே விஎஃப்டியின் கான்டாக்டரை விடும். கான்டாக்டர் விஎஃப்டிக்கு முன்னால், விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் அல்ல. எனேபிளையும் சேர்த்தது ஏனென்றால், ஏசி பக்கம் துண்டித்த பிறகும் பவர் சப்ளையின் கெப்பாசிட்டரில் அச்சு கொஞ்சம் நகரும் அளவு மிச்சம் இருக்கும். பொத்தானைத் திரும்ப இழுத்தால் எதுவும் தானாகத் தொடங்காது, தனி ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும். டைமர் சாதாரண ரகம், பாதுகாப்புத் தரம் பெற்றதல்ல. மற்றவருக்குக் கொடுக்கும் இயந்திரத்தில் நான் இதை ஏற்க மாட்டேன்.

மின்சாரம் கொடுத்தபோது

முதலில் மீட்டர் மட்டும். கதவு, தகடு, சட்டம், ஸ்பிண்டில் உடல் எல்லாவற்றிலிருந்தும் எர்த் பட்டைக்கு அளந்தார்கள். பிறகு 24 வோல்ட் தனியாக, லிமிட் ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி. அப்புறம் அவசர நிறுத்தம், மோட்டார் எதுவும் மாட்டாமல். அதன் பின்புதான் 36 வோல்ட்.

ஸ்பிண்டிலை ஓட்டும் முன் நிறுத்தி விஎஃப்டியின் அமைப்புகளைப் பார்த்தது நல்லதாகப் போனது. சோதனைகளுக்குப் பிறகு, பெட்டியை மாற்றும் வேளையில் கட்டியவர் அதைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பியிருந்தார். அடிப்படை அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. இந்த ஸ்பிண்டிலுக்கு அது 400 ஆக வேண்டும். 220 வோல்ட்டை 400 ஹெர்ட்ஸுக்குப் பங்கிட்டால் 50 ஹெர்ட்ஸில் 27.5 வோல்ட்தான் கிடைக்க வேண்டும். தொழிற்சாலை அமைப்பில் ஓட்டியிருந்தால் அங்கேயே முழு 220 வோல்ட் போயிருக்கும், எட்டு மடங்கு. வைண்டிங் கருகியிருக்கும்.

விளைவு

ஹார்டு லிமிட்டைத் திரும்ப இயக்கி ஓட்டியதில் பொய் அலாரம் வரவில்லை. டயல் கேஜ் சோதனையில் ஸ்பிண்டில் ஓடினாலும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. ஃபெரைட் வளையமும் டிபவுன்ஸும் தேவைப்படவே இல்லை.

எல்லாம் ஒரே நாளில் சுமுகமாக முடிந்துவிடவில்லை. உள்வரும் பக்கம் வைத்த இஎம்ஐ ஃபில்டரால் (மின் இரைச்சலை வடிக்கும் உறுப்பு) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அதாவது எர்த் கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச், அவ்வப்போது விழுந்தது. ஃபில்டரின் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்குக் கசியவிடுவது அவற்றின் இயல்பு. ஆர்சிடியைத் தாண்டி நேராக இணைத்துவிடலாம் என்ற யோசனை உடனே நிராகரிக்கப்பட்டது. குறைந்த கசிவுள்ள ஃபில்டரும், ஒற்றை ஃபேஸ் விஎஃப்டிக்கு ஏற்ற எஃப் வகை ஆர்சிடியும் மாட்டிய பிறகு அது நின்றது.

அவசர நிறுத்தம் சரியாக வேலை செய்ததால் ஒரு புதுப் பிரச்சினை தெரிந்தது. ஸ்டெப்பருக்கு மின்சாரம் நின்றதும் செட் (மேல்-கீழ்) அச்சு ஸ்பிண்டிலின் எடையில் மெல்லக் கீழே சரிந்தது. பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு, எடை அதைத் திருப்பிவிடும். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் கட்டர் வேலைப்பொருளில் இறங்குவது நல்லதல்ல. எடையைத் தாங்க கேஸ் ஸ்பிரிங் ஒன்று மாட்டினார்கள்.

தூசி உறிஞ்சி ஓடும்போது கணினிக்கும் ஆர்டுயினோவுக்கும் இடையிலான யுஎஸ்பி இணைப்பு எப்போதாவது அறுவது மட்டும் தொடர்ந்தது. இதற்கும் விஎஃப்டிக்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி நிலைமின்சாரம் சேர்கிறது. குழாயோடு வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் செய்ததும் அதுவும் குறைந்துவிட்டது.

இன்னொரு முறை கட்டினால்

கட்டியவர் மாற்றுவதாகச் சொன்னவை இவை. பெட்டியைக் கடைசியில் வாங்குவார். உறுப்புகளைப் பரப்பிப் பார்த்து, விஎஃப்டிக்கு மேலும் கீழும் 100 மிமீ விட்டு, பிறகு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடத்தோடு அளவு சொல்வார். ஸ்பிண்டில் கையில் வந்த அன்றே நாலாவது பின்னை மீட்டரில் பார்ப்பார். யுஎஸ்பிக்குப் பதில் ஈதர்நெட் வழி பேசும் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போவார், அதில் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின் பிரிப்பு ஏற்கெனவே உண்டு.

பேனல்காரர் சேர்த்தது வயர் எண்கள். இந்தப் பெட்டியில் எண் வளையங்களை எல்லாம் முடிந்த பிறகு மாட்டியதால் சில இடங்களில் வயரைக் கழற்றி மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டியிருந்தது. ஃபெர்ரூல் போடுவதற்கு முன்பே இரு முனையிலும் ஒரே எண்ணை மாட்டி, வரைபடத்திலும் அதையே எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். கேஸ் ஸ்பிரிங்கும் ஆர்சிடி மாற்றமும் வந்த பிறகு அந்த வரைபடம் இரண்டாம் முறை அச்சிடப்பட்டது. டெர்மினல் ஸ்க்ரூக்களை முதல் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பார்க்கும் வேலை அதில் குறிப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது.